டிரஸ்டுக்கு நிதி தேடுகிறோம்: வேலூர் மாவட்ட மைய நூலகம் உதவுமா?

மலையடிவாரம்:

வணக்கம். ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரத்தில் சாயங்கால வகுப்பு ஒன்று நடத்துகிறோம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லையில் இருந்து இறங்கி வந்து சொந்தக்காரர் வீட்டிலும் விடுதியிலும் தங்கிப் படிக்கிற பிள்ளைகள்தான் அதிகம். வகுப்போடு ஒரு சின்ன வாசிப்பு அறையும் இருக்கிறது. டிரஸ்ட் பதிவாகி நான்கு வருடம் ஆகிறது. இதுவரை கைக்காசு, தெரிந்தவர்கள் கொடுத்தது, ஒரு கல்யாண வீட்டில் மொய்க்குப் பதிலாகச் சேர்த்துத் தந்த புத்தகங்கள் என்று ஓட்டிவிட்டோம். இந்த வருடம் ஒரே ஒரு ஆசிரியைக்காவது ஒழுங்காகச் சம்பளம் தர வேண்டும்.

நிதி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். கிடைக்கிற தொகையில் பத்து சதவீதம் அவருக்கு, அதில் கொஞ்சம் முன்பணமாக இப்போதே. எங்கள் செயலாளர் சரி என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அமெரிக்காவில் பொது நூலகத்திலேயே உட்கார்ந்து, எந்த அறக்கட்டளை எதற்குப் பணம் தருகிறது என்று தேடலாமாம். நம்ம மாவட்ட மைய நூலகத்தில் அந்த மாதிரி ஏதாவது உண்டா? போய்க் கேட்டால் சிரிப்பார்களா?

கோட்டை_அகழி:

சிரிக்க மாட்டார்கள், ஆனால் உட்கார இடம் இருக்காது. குரூப் 4க்குப் படிக்கிறவர்கள் கதவு திறந்ததுமே பையை வைத்து இடம் பிடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வேறு இடம் ஏது? நூலகத்தில் போய் நிதி தேடுவதெல்லாம் நம்மூரில் நடக்கிற காரியம் இல்லை. எனக்குத் தெரிந்து நிதி கிடைத்தவர்கள் எல்லோரும் யாரையாவது தெரிந்து வைத்திருந்தவர்கள்.

முள்ளுக்கத்தரி:

பத்து சதவீதமா? வீட்டு புரோக்கரே இரண்டு சதவீதத்தோடு விடுகிறார். அவராவது வீட்டைக் காட்டிவிட்டுத்தான் காசு கேட்பார்.

எடிசன்_வேலூரான்:

பூர்வீகம் சாயிநாதபுரம், இப்போது நியூ ஜெர்சி. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான்.

1956இல் நியூயார்க்கில் பவுண்டேஷன் சென்டர் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எந்த அறக்கட்டளை, யாருக்கு, எவ்வளவு கொடுத்தது என்று தொகுப்பதுதான் அதன் வேலை. 2019இல் கைட்ஸ்டார் என்ற இன்னொரு அமைப்போடு இணைந்து கேண்டிட் என்று பெயர் மாறியது. அவர்களுடைய தேடுதளத்துக்குத் தனி ஆளாகச் சந்தா கட்டினால் கை சுடும். ஆனால் நாடு முழுக்கப் பல பொது நூலகங்கள் அவர்களோடு சேர்ந்திருக்கின்றன. நேரில் போனால் அங்கே உள்ள கணினியில் இலவசமாகத் தேடலாம். "பள்ளிப் பிள்ளைகள், இந்த மாவட்டம், சிறு தொகை" என்று சலித்துக்கொண்டே போனால் கடைசியில் ஐந்தாறு பெயர்கள் மிஞ்சும். சில நூலகங்களில் விண்ணப்பம் எழுதக் கற்றுத்தரும் வகுப்பும் உண்டு.

இது நடப்பதற்குக் காரணம் சட்டம். தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் 990-பிஎஃப் என்ற படிவத்தை வரித்துறைக்குக் கொடுத்தாக வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பட்டியல் அதிலேயே வரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைத்தான் தொகுக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பட்டியலை நம்பி நீங்கள் இறங்க வேண்டாம். பெரும்பாலான அறக்கட்டளைகள் அமெரிக்காவில் பதிவான அமைப்புகளுக்கே தருகின்றன, அதிலும் பல தங்கள் ஊரைத் தாண்டுவதில்லை. நானே கொஞ்சம் அனுப்புகிறேன், கணக்கு எண் மட்டும் தனிச்செய்தியில் போடுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:

எடிசன் சார், ஒரு நிமிஷம் பொறுங்கள். உங்கள் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட்?

எடிசன்_வேலூரான்:

போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினேன். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது. ஏன்?

காட்பாடி_ஜங்ஷன்:

அப்படியானால் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் டிரஸ்ட் கணக்குகளைப் பார்க்கிறவன். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிநாட்டுக் குடிமகன் தருவது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அந்தச் சட்டத்தில் பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கினால் சிக்கல் டிரஸ்டுக்குத்தான். இந்தியக் குடிமகனாகவே இருந்துகொண்டு வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர், தன் சேமிப்பில் இருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் வராது. ஒரே வீட்டில் அண்ணன் அனுப்பலாம், தம்பி அனுப்பக்கூடாது என்று ஆகிவிடும்.

எஃப்சிஆர்ஏ பதிவுக்கு டிரஸ்ட் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மொய்ப் புத்தகத்தில் வாசிப்பு அறை நடத்துகிறவர்கள் இப்போதைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

முள்ளுக்கத்தரி:

எடிசன் சார் ஊருக்கு வரும்போது இலவம்பாடி கத்தரிக்காயாவது வாங்கிக்கொடுங்கள். அதற்கு எஃப்சிஆர்ஏ வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நூலக_அட்டை:

நூலகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அகழிக்காரர் சொன்னதில் பாதி சரி. நிதி தேடுவோருக்கென்று நம் மாவட்ட மைய நூலகங்களில் தனிப் பிரிவு கிடையாது. "டிரஸ்டுக்குப் பணம் தருகிறவங்க லிஸ்ட் இருக்கா" என்று கேட்டால் மேசையில் இருப்பவர் முழிக்கத்தான் செய்வார்.

கேட்கிற விதத்தை மாற்றுங்கள். குறிப்புதவிப் பிரிவுக்குப் போய் மாவட்டப் புள்ளியியல் கையேடு வேண்டும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு வேண்டும், போன வருடத்து நாளிதழ்க் கட்டு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இருப்பதை எடுத்துத் தருவார்கள். அங்கே இல்லையென்றால், சென்னைக்குப் போகிற நாளில் கன்னிமாராவில் பாருங்கள். 1896இல் திறந்த நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகிற நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உட்கார்ந்து வேலை பார்க்க வசதியான இடம். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னொன்று, அதிகம் பேருக்குத் தெரியாதது. தமிழ்நாடு அரசின் ஒவ்வொரு துறையும் சட்டமன்ற மானியக் கோரிக்கையின்போது ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலேயே இருக்கும். எந்தத் திட்டம் நடக்கிறது, எதற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எது தன்னார்வ அமைப்புகள் மூலம் நடக்கிறது என்று எல்லாம் அதில் வரும். உங்களுக்கு வேண்டியது ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் குறிப்பும் பள்ளிக் கல்வித் துறையின் குறிப்பும். இணையத்திலும் இலவசம். நிதி தருகிறவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால், அதே ஊரில் அரசு ஏற்கெனவே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. அவர்கள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

உங்களுக்கு வாசிப்பு அறை இருப்பதால் இதையும் சொல்கிறேன். கொல்கத்தாவில் 1972இல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை என்ற மத்திய அரசு அமைப்பு, பொது நூலகச் சேவை செய்யும் தன்னார்வ நிறுவனங்களுக்கு உதவ ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மாநில நூலகத் துறை வழியாகத்தான் விண்ணப்பம் நகரும். நம் மாவட்ட நூலக அலுவலரைப் பார்த்து விவரம் கேளுங்கள். அங்கே உங்கள் பெயர் தெரிந்திருப்பது வேறு வகையிலும் பயன்படும்.

கூச்சப்படவே வேண்டாம். 1948இல் வந்த நம் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருப்பார்கள்.

கோட்டை_அகழி:

ஐயா, வரி கட்டுகிறோம், சரி. அந்த வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்குக் காலத்தில் ஒப்படைப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதானே? கிளை நூலகத்தில் ஒரே ஆள். அவரே புத்தகம் அடுக்கி, அவரே கணக்கு எழுதி, அவரே கதவைப் பூட்டுகிறார். அவரிடம் போய் நிதி ஆலோசனை கேட்பதா?

நூலக_அட்டை:

ஆலோசனை கேட்கச் சொல்லவில்லை. ஆவணம் கேட்கச் சொன்னேன். ஆவணம் எடுத்துத் தருவது நூலகரின் வேலை. அதைப் படித்துப் புரிந்துகொள்வது நம் வேலை. நிலுவை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், அது பழைய வியாதி.

பேர்ணாம்பட்டு_பென்சில்:

பள்ளி ஆசிரியை. நிதி கேட்டு எழுதப்படும் மனுக்களைச் சிலருக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறார்கள்: "எங்கள் பகுதி மிகவும் பின்தங்கிய பகுதி." தமிழ்நாட்டில் பின்தங்காத பகுதி என்று எழுதி யாரும் மனுப் போட்டதில்லை. படிக்கிறவருக்கு அந்த வரி கண்ணிலேயே படாது.

எண்ணிக்கை போடுங்கள். அதற்குத்தான் நூலகம். ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது, கவனம். 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்ட மக்கள்தொகை 39,36,331 என்று இருக்கும். அது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்ந்த பழைய வேலூர். 2019இல் மூன்றாகப் பிரித்த பிறகு அந்த எண்ணை அப்படியே எடுத்து இன்றைய வேலூர் என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் முதல் பக்கத்திலேயே மனுவை மூடிவிடுவார். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் வரும் வேலூர் மாவட்டத் தாளும் பிரிக்கப்படாத மாவட்டத்துக்கு உரியதுதான். அந்தச் சுற்று 2019-21இல் நடந்தாலும் 2017இல் இருந்த மாவட்ட எல்லையை வைத்துத்தான் செய்தார்கள்.

அதனால் மாவட்ட எண்ணை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு இறங்குங்கள். கணக்கெடுப்பு மாவட்டக் கையேட்டில் கிராமம் கிராமமாக மக்கள்தொகை, பழங்குடியினர் எண்ணிக்கை, எழுத்தறிவு, பள்ளி எவ்வளவு தூரம், சாலை உண்டா என்று இருக்கும். மலைமேல் இருக்கிற உங்கள் மூன்று ஊராட்சிகளுக்கும் எடுத்துக் கூட்டுங்கள். பழைய எண்தான், 2011 என்று ஆண்டைப் போட்டே எழுதுங்கள். புதிதாக வேண்டுமென்றால் பள்ளிகளின் விவரங்களைத் தொகுக்கும் யூடைஸ் என்ற அரசுத் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, மின்சாரம் வரை இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர், அடிவாரத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே உங்கள் சாயங்கால வகுப்பு எதற்கு என்று தெரிந்துவிடும்.

அப்புறம் நீங்களே எண்ணிய எண். அதை யாரும் மதிப்பதில்லை என்று நினைக்காதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது, 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் பாடம் அது. அந்தத் தீர்ப்பில், வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் சொன்ன கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதாகவோ பாழ் என்ற கணக்கு இருக்கிறது. அதே தீர்ப்பில், திண்டுக்கல் பக்கம் ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமத்தில் எடுத்த கணக்கையும் நீதிபதிகள் எடுத்து எழுதியிருக்கிறார்கள்: 467 கிணற்றில் 350 கெட்டுப்போனது என்று. கிராமம் கிராமமாக நடந்து கிணறுகளை எண்ணியவர்களின் கணக்கு அது. உங்கள் வருகைப் பதிவேடும் அப்படி ஒரு கணக்குதான். ஒழுங்காக வைத்திருக்கிறீர்களா?

மலையடிவாரம்:

வைத்திருக்கிறோம் மேடம். முதல் வருடத்து நோட்டு மட்டும் கொஞ்சம் கரையான் அரித்திருக்கிறது. படம் எடுத்து வைத்துவிடுகிறேன்.

எல்லாம் புரிகிறது, ஆனால் யாரிடம் கேட்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எடிசன் அண்ணா சொன்ன மாதிரி பட்டியல் ஒன்று நம் நாட்டுக்கும் உண்டா?

சிப்காட்_ஷிஃப்ட்:

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சிஎஸ்ஆர், அதாவது கம்பெனி சமூகப் பணிக்குச் செலவிடும் பணம், அந்தக் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும், முடிவெடுப்பது நான் இல்லை. என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்பது ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. கல்வி உண்டு. பொது நூலகம் அமைப்பதும் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது, பாரம்பரியம், கலை வருகிற வரியில். உங்கள் வாசிப்பு அறைக்கு அந்த வரியைக் காட்டலாம்.

பட்டியலுக்கு வருகிறேன். கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர் தளத்தில் எந்தக் கம்பெனி, எந்த மாநிலத்தில், எந்தத் துறையில், எவ்வளவு செலவிட்டது என்று இலவசமாகத் தேடலாம். எடிசன் சார் சொன்ன தேடுதளம் அளவுக்குச் சுகமாக இருக்காது, ஆனால் சந்தா கிடையாது. அதில் பெயர் பிடித்த பிறகு அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போங்கள். சிஎஸ்ஆர் கொள்கை, குழுவில் யார் யார், இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த திட்டங்கள் இவற்றை அங்கே போட வேண்டும் என்பது விதி. ஆண்டறிக்கையின் சிஎஸ்ஆர் இணைப்பையும் பாருங்கள். போன வருடம் கல்விக்குப் பத்து லட்சம் கொடுத்த கம்பெனிக்கும், மரம் நடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாத கம்பெனிக்கும் ஒரே மனுவை அனுப்புகிறவர்கள்தான் அதிகம். எங்களுக்கு வருவதில் பெரும்பாதி அப்படித்தான் குப்பைக்குப் போகிறது.

தொழிற்சாலை இருக்கிற சுற்றுப்பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முன்னுரிமைதான், கட்டாயம் இல்லை. ஆனாலும் எங்கள் மேலாளர் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு தூரம் பார்க்கிறார். ஒடுகத்தூர் எங்களுக்குக் கொஞ்சம் எட்டம். வேலூரில் கிளையோ கிடங்கோ வைத்திருக்கும் கம்பெனிகளையும் யோசியுங்கள்.

நம் வட ஆற்காட்டுக்காரர்கள் செய்கிற ஒரு தப்புக் கணக்கு: ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இத்தனை தோல் ஷெட் இருக்கிறதே, எல்லோரும் சிஎஸ்ஆர் தர வேண்டாமா என்று. அதில் பார்ட்னர்ஷிப் (கூட்டாண்மை) நிறுவனமாக நடப்பவற்றுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது, அது கம்பெனிகளுக்கு மட்டும். அவர்கள் தருவது சொந்த விருப்பத்தில் தரும் தர்மம். அதைக் கேட்கும் முறை வேறு, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும், ஆண்டறிக்கை படித்துப் பயனில்லை.

பத்து சதவீதக்காரர் பற்றி: எந்தக் கம்பெனி ஆவணத்திலும் "வாங்கிக் கொடுத்தவருக்குப் பங்கு" என்று ஒரு தலைப்பு கிடையாது. நீங்கள் அதை எந்தச் செலவில் எழுதுவீர்கள்? ஆசிரியை சம்பளத்திலா? இதைவிட மோசமானவர்களும் உண்டு. தொகையில் பாதியை ரொக்கமாகத் திருப்பித் தா என்பார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

கோட்டை_அகழி:

எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. சிஎஸ்ஆர் தளம் ஆங்கிலம். ஆண்டறிக்கை ஆங்கிலம், முந்நூறு பக்கம். மனுவும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். மலைக் கிராமத்தில் வகுப்பு நடத்துகிறவர் இதையெல்லாம் படித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துவிடுவார்கள். பத்து சதவீதக்காரர் பிழைப்பதே இந்த இடத்தில்தான். அவர் விற்பது தொடர்பை இல்லை, ஆங்கிலத்தை. அதைச் சரி செய்யாமல் நூலகத்துக்குப் போ, இணையத்தைப் பார் என்பது வசதியானவர்கள் சொல்லும் யோசனை.

சிப்காட்_ஷிஃப்ட்:

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. முந்நூறு பக்கத்தில் சிஎஸ்ஆர் இணைப்பு சில பக்கம்தான், உள்ளடக்கத்தில் பெயரைப் பார்த்து நேராக அங்கே போகலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். மனுவைப் பொறுத்தவரை எங்கள் கம்பெனியில் இரண்டு பக்கம் போதும். சில பெரிய இடங்களில் நாற்பது பக்கப் படிவம் இருக்கிறது, அது உண்மை.

பேர்ணாம்பட்டு_பென்சில்:

அகழி சார் சொல்வது சரியான இடம். நூலகத்தில் குறைவது புத்தகமே இல்லை, உட்கார்ந்து கூடப் படிக்க ஆள்தான். அமெரிக்க நூலகத்தில் அந்த வகுப்பு எடுப்பவர் செய்வதும் அதைத்தானே? நம் நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொன்னாடை, வாழ்த்துரை, நூல் வெளியீடு என்று கூட்டம் நடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அதே அறையில், மனு எழுதுகிறவர்களும் ஆங்கிலம் தெரிந்தவர்களும் உட்கார்ந்தால் என்ன? கல்லூரிப் பிள்ளைகள் இந்த ஊரில் எவ்வளவு பேர்! நான் வருகிறேன். என் பங்குக்கு எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

நூலக_அட்டை:

நல்ல யோசனை. நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், வாசகர் வட்டத் தலைவர் கையெழுத்தோடு மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதில் இரண்டு விஷயம்: ஒன்று, கூட்ட அறை. இன்னொன்று, குறிப்புதவிப் பிரிவில் ஒரே ஒரு அடுக்கு. அந்த அடுக்கில் இந்த ஆண்டுக் கொள்கை விளக்கக் குறிப்புகள், மாவட்டப் புள்ளியியல் கையேடு, ஏழாம் அட்டவணையின் தமிழ்ச் சுருக்கம், நம் மாவட்டத்தில் செலவிட்ட கம்பெனிகளின் சிஎஸ்ஆர் இணைப்புப் பக்கங்களை அச்செடுத்து ஒரு கோப்பு. வாங்க வேண்டியது எதுவும் இல்லை, அச்சுச் செலவுதான். கோப்பை வருடம் ஒருமுறை மாற்ற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் வருடம் அது தூசிதான். நூலகப் பணியாளர் தலையில் அதைக் கட்டாதீர்கள், அகழிக்காரர் சொன்ன அந்த ஒற்றை ஆள் பாவம்.

கோட்டை_அகழி:

கோப்பை மாற்றும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். நடக்காது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். கடிதம் எழுதினால் சொல்லுங்கள், கையெழுத்துப் போட வருகிறேன்.

முள்ளுக்கத்தரி:

இந்த இழையில் அகழிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. குறித்துக்கொள்ளவும்.

காட்பாடி_ஜங்ஷன்:

கடிதம், அடுக்கு எல்லாம் ஓடட்டும். மலையடிவாரம், அதற்குள் உங்கள் காகிதங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நல்ல மனுவாக இருந்தாலும் இங்கேதான் நின்றுபோகிறது.

கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் வாங்க உங்கள் டிரஸ்டுக்கு வருமான வரித்துறையின் 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு) இரண்டும் வேண்டும், அதே மாதிரியான பணியில் குறைந்தது மூன்று வருட அனுபவம் வேண்டும், பிறகு கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அந்த எண் இல்லாமல் எந்தக் கம்பெனியும் உங்கள் வழியாகச் செலவிட முடியாது. அதைப் போட ஆடிட்டர் அல்லது கம்பெனிச் செயலர் ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். நியாயமான கட்டணம் கொடுங்கள், அது உழைப்புக்கான கூலி. பத்து சதவீதக் கதை வேறு.

நான்கு வருடம் முன்னால் பதிவு என்றீர்கள். அப்படியானால் உங்களுக்கு முதலில் கிடைத்தது தற்காலிக 12ஏபியாக (12ஏவுக்குப் பின் வந்த பிரிவு) இருக்கும். அதன் ஆயுள் மூன்று வருடம். முறையான பதிவுக்கு மாற்றினீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. பழைய வீடியோவைப் பார்த்து நீங்களே நிரப்ப வேண்டாம்.

அரசு நிதி என்றால் தன்னார்வ அமைப்புகள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பன் தளத்தில் பதிவு எண் அவசியம். அது இலவசம். அறங்காவலர்களின் பான், ஆதார் கேட்கும். பழங்குடியினர் விவகார அமைச்சகத்தில், பழங்குடியினருக்காகப் பணி செய்யும் தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் தரும் திட்டம் இருக்கிறது, உங்கள் பிள்ளைகள் மலையாளி பழங்குடியினர் என்பதால் அதைப் பாருங்கள். மாநில அரசின் பரிந்துரை வேண்டும், கள ஆய்வு வரும், பணம் வரத் தாமதம் ஆகும். அதை நம்பி ஆசிரியையை வேலைக்கு வைக்காதீர்கள்.

மலையடிவாரம்:

பார்த்துவிட்டேன். 12ஏபி தற்காலிகம்தான். மாற்றவில்லை. செயலாளரிடம் உங்கள் பதிவைக் காட்டினேன், பத்து சதவீதக்காரருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இப்போதைக்கு" என்பதை அழுத்திச் சொன்னார்.

சனிக்கிழமை வேலூர் வருகிறேன். காலையில் ஆடிட்டர், மதியம் நூலகம். கிராமக் கணக்குகளை எழுதி எடுத்துக்கொண்டு வந்து இங்கேயே போடுகிறேன், பென்சில் மேடம் பார்த்துச் சொல்லுங்கள். வேறு என்ன எடுத்துப் போக வேண்டும்?

காட்பாடி_ஜங்ஷன்:

டிரஸ்ட் பத்திரத்தின் அசல், பான் அட்டை, வங்கிப் புத்தகம், இதுவரை போட்ட கணக்கு. காலாவதித் தேதி தாண்டியிருந்தால் என்ன வழி என்று நேரில் பேசுவோம், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் இடம் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் பத்திரத்திலும் பான் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் டிரஸ்டின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் ஆங்கிலத்தில் ஒரு எச் கூடுதலாக இருந்தாலும் தர்ப்பனில் மாட்டும்.

நூலக_அட்டை:

நூலகத்துக்கு அடையாள அட்டையும் வெள்ளைத்தாளும் போதும். குறிப்புதவி நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இரண்டாம் சனிக்கிழமையாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.